ரிப்பீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காடு விடுதிகளில் வரவேற்பில் நிற்கும் பிள்ளைகள், ஐடி பார்க்கில் வேலை தேடுகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பல தரப்பினர் வருகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் தினமும் சொல்கிற ஒரு சொல் ‘ரிப்பீட்’. தெரிந்த சொல்தானே என்று யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதனாலேயே அதில் பிழை அப்படியே தங்கிவிடுகிறது. இந்தச் சொல்லைப் பற்றி வகுப்பில் வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள்.

‘ரிப்பீட் எகெய்ன்’ என்று சொல்வது தவறா?

பெரும்பாலான இடங்களில் தவறு. ‘ரிப்பீட்’ என்றாலே மறுபடி சொல்வது, மறுபடி செய்வதுதான். அதோடு ‘எகெய்ன்’ சேர்த்தால் ஒரே பொருளை இரண்டு முறை சொன்னதாகிறது. “ப்ளீஸ் ரிப்பீட் தட்” போதும். ‘எகெய்ன்’ வேண்டும் என்று தோன்றினால் ‘ரிப்பீட்’டை விட்டுவிட்டு “ப்ளீஸ் ஸே தட் எகெய்ன்” என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் ஏற்கெனவே ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டார், உங்களுக்கு அப்போதும் பிடிபடவில்லை. அப்போது “குட் யூ ரிப்பீட் தட் ஒன் மோர் டைம்?” என்று கேட்பது சரி. இது உண்மையிலேயே மூன்றாவது தடவை அல்லவா?

இதே பிழை ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிவர்ட் பேக்’ ஆகியவற்றிலும் இருக்கிறது. ‘ரிவர்ட்’ விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதில் அனுப்புவது என்ற பொருளில் அதை நம் ஊர் அலுவலகங்களில் தாராளமாக எழுதுகிறோம். இங்கிலாந்துக்காரருக்கோ அமெரிக்கருக்கோ அது பழைய நிலைக்குத் திரும்புவதைத்தான் குறிக்கும். வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள்.

போனில் எதிராளி சொன்னது கேட்கவில்லை. “கேன் யூ ரிப்பீட்?” என்று கேட்கலாமா?

கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. எதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்? ‘ரிப்பீட்’டுக்குப் பின்னால் அந்த ‘எதை’ வர வேண்டும். “குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?” என்று ஒரு ‘தட்’ சேர்த்தாலே வாக்கியம் முழுமையாகிவிடும். ‘கேன்’ தவறில்லை, ‘குட்’ கொஞ்சம் கூடுதல் மரியாதை.

இதைவிட நல்ல வழி, எந்தப் பகுதி கேட்கவில்லையோ அதை மட்டும் கேட்பது. கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவருக்கு மும்பையிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன், ஜோடிக் கணக்கு, எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), எப்போது அனுப்ப வேண்டும் என்று எதிராளி மடமடவென்று சொல்லிவிட்டார். பின்னால் மெஷின் சத்தம். எடை மட்டும் காதில் விழவில்லை. அப்போது “கேன் யூ ரிப்பீட்?” என்றால் அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எடை வரும் இடத்தில் மறுபடியும் சத்தம் வரலாம். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தி வெயிட். குட் யூ ரிப்பீட் இட்?”

எண்களில் இன்னும் கவனம் தேவை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். பதினைந்து ஜோடிக்கும் ஐம்பது ஜோடிக்கும் எத்தனை கிலோ வெள்ளி வித்தியாசம் என்று பட்டறைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “டிட் யூ ஸே ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?” என்று எண்ணைப் பிரித்துக் கேளுங்கள்.

எல்லாம் கேட்டு முடித்ததும் கடைசியாக ஒரு வாக்கியம்: “லெட் மீ ரிப்பீட் தட் பேக் டு யூ.” நீங்கள் சொன்னதை அப்படியே உங்களிடம் ஒப்பிக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இங்கே ‘பேக்’ தேவையில்லாத ஒட்டு அல்ல. சொன்னவருக்கே திரும்பிப் போகிறது என்பதைக் காட்டுவதால் அது இருந்தே ஆக வேண்டும். ஆர்டர் எடுக்கும் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

“வாட்?” என்று மட்டும் கேட்டால்?

முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். “ஸாரி?” என்று கடைசியில் குரலை உயர்த்திக் கேளுங்கள், அதுவே போதும். “பார்டன்?” என்பதும் சரி. “கம் எகெய்ன்?” நண்பர்களிடம் பரவாயில்லை. விடுதி விருந்தாளியிடமும் நேர்காணலிலும் வேண்டாம்.

விமானிகள் ‘ரிப்பீட்’ என்று சொல்ல மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வானொலித் தொடர்பில் அவர்கள் சொல்வது “ஸே எகெய்ன்”. சர்வதேச விமானப் போக்குவரத்து நடைமுறையிலேயே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இறங்கும் விமானத்துக்கும் லண்டனில் இறங்கும் விமானத்துக்கும் அதே சொல்தான். ராணுவ வானொலியிலும் “ஸே எகெய்ன்”தான். அங்கே வேறொரு காரணமும் உண்டு. பீரங்கிப் படையில் ‘ரிப்பீட்’ என்றால், சற்றுமுன் சுட்ட இடத்திலேயே மறுபடி சுடு என்ற கட்டளை. சொன்னது சரியாகக் காதில் விழாதவர் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்?

நாம் சாதாரணமாகப் பேசும்போது இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. தைரியமாக ‘ரிப்பீட்’ சொல்லலாம்.

“ரிப்பீட் மீ தி கொஸ்டின்” சரியா?

இல்லை. “கிவ் மீ தி புக்”, “டெல் மீ தி ஆன்ஸர்” என்று சொல்லிப் பழகியதால் இதுவும் வந்துவிடுகிறது. ஆனால் ‘கிவ்’, ‘டெல்’ மாதிரி ‘ரிப்பீட்’ ஆளை நேராகத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாது. “குட் யூ ரிப்பீட் தி கொஸ்டின் ஃபார் மீ?” என்று கேளுங்கள். முதலில் எதை, அப்புறம் யாருக்கு.

‘டு’ வரும் இடமும் உண்டு. “டோன்ட் ரிப்பீட் திஸ் டு எனிஒன்” என்றால், நான் சொன்னதை வேறு யாரிடமும் போய்ச் சொல்லாதே என்று பொருள். ரகசியம் சொல்லும்போது வரும் வாக்கியம் இது. “ரிப்பீட் ஆஃப்டர் மீ” என்பது நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்கள் என்பதற்கு. நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமானது. இதில் மட்டும் ‘எதை’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

‘அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்’ என்பதை எப்படிச் சொல்வது? “ஹி ரிப்பீட்டட் ஆஸ்கிங்” என்று எழுதியதை ஆசிரியர் கோடு போட்டு அடித்துவிட்டார்.

அடித்தது சரிதான். எல்லாக் கேள்விகளிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான்.

நமக்குத் ‘திரும்பத் திரும்ப’ என்றதும் ‘ரிப்பீட்’தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் இயல்பாக வரும் சொல் ‘கீப்’. அதற்குப் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினை. “ஹி கெப்ட் ஆஸ்கிங்.” அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். சேலம் பக்கத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஒரு பயணத்தை வைத்தே பத்து வாக்கியம் சொல்லலாம். தி டிரைவர் கெப்ட் ஹான்கிங். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். தி சைல்ட் கெப்ட் வாமிட்டிங். குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது. ஷி கெப்ட் ஆஸ்கிங் வெதர் வீ ஹாட் ரீச்ட். வந்துட்டோமா, வந்துட்டோமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தி மங்கீஸ் கெப்ட் கமிங் டு தி விண்டோ. குரங்குகள் ஜன்னல் பக்கம் வந்துகொண்டே இருந்தன. இவற்றில் ஒன்றில்கூட ‘ரிப்பீட்’ இல்லை என்பதைப் பாருங்கள். ‘கீப்’ போட்டுப் பேசத் தொடங்கிவிட்டால் உங்கள் ஆங்கிலத்தில் பாதி இறுக்கம் போய்விடும்.

கொஞ்சம் எரிச்சல் கலந்து சொல்ல வேண்டுமானால் ‘ஆன்’ சேர்க்கலாம். “ஹி கெப்ட் ஆன் ஆஸ்கிங்.” விடாமல் நச்சரித்தான் என்ற தொனி கிடைக்கும்.

எழுத்தில், அதுவும் புகார்க் கடிதத்தில், ‘ரிப்பீட்டட்லி’ நன்றாகப் பொருந்தும். “ஐ ஹாவ் ரிப்பீட்டட்லி ரெக்வெஸ்டட் தெம் டு ஃபிக்ஸ் தி பைப்.” குழாயைச் சரிசெய்யச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன் என்று அழுத்தமாகவும் கண்ணியமாகவும் சொல்கிறது. இதையே வீட்டில் பேசும்போது சொன்னால் மனுப் படிப்பதுபோல் இருக்கும்.

“தி ஃபீவர் இஸ் ரிப்பீட்டிங்”, “தி சேம் ப்ராப்ளம் இஸ் ரிப்பீட்டிங்” என்று எல்லோரும் சொல்கிறார்களே?

நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. வெளியாருக்கு அது கொஞ்சம் விநோதமாகக் கேட்கும். ‘ரிப்பீட்’டுக்குப் பெரும்பாலும் ஓர் ஆள் வேண்டும். யாரோ ஒருவர், எதையோ ஒன்றை, மறுபடி சொல்கிறார் அல்லது செய்கிறார். காய்ச்சலை யாரும் வரவழைப்பதில்லை, அது தானாக வருகிறது. ஆகவே “தி ஃபீவர் ஹாஸ் கம் பேக்.” விட்டு விட்டு வந்தால் “தி ஃபீவர் கீப்ஸ் கமிங் பேக்.” மறுபடியும் ‘கீப்’தான் கைகொடுக்கிறது.

மெஷின் கோளாறுக்கும் இதே கதைதான். “தி மோட்டார் கீப்ஸ் டிரிப்பிங்” என்றால் மெக்கானிக்குக்கு உடனே புரியும். “தி சேம் ப்ராப்ளம் கீப்ஸ் ஹேப்பனிங்” என்றும் சொல்லலாம். அலுவலக அறிக்கையில் எழுதுவதானால் ‘ரிக்கர்’ என்ற சொல் இருக்கிறது. “தி ஃபால்ட் ரிக்கர்ட் ட்வைஸ்.” நோய், கனவு, கோளாறு போலத் தானாகத் திரும்பி வருபவற்றுக்கு அந்தச் சொல் பொருத்தம்.

டாக்டர் “ரிப்பீட் தி டெஸ்ட் ஆஃப்டர் எ வீக்” என்று எழுதித் தந்தால் அது சரியான ஆங்கிலம். அங்கே ஆள் இருக்கிறார், செய்ய வேண்டிய காரியமும் இருக்கிறது.

அப்படியானால் ஆள் இல்லாமல் ‘ரிப்பீட்’ வரவே வராதா?

வரும். வடிவங்களுக்கு வரும். புடவைக் கரையில் அன்னம், யானை, அன்னம், யானை என்று வரிசையாக ஓடுகிறது. “தி பேட்டர்ன் ரிப்பீட்ஸ்” என்று தாராளமாகச் சொல்லலாம். கொலுசில் ஒரே பூ சுற்றிலும் வந்தால் அதற்கும் இதே வாக்கியம். துணி டிசைன் போடுகிறவர்கள் அந்த ஒரு முழு அலகையே ‘ரிப்பீட்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வார்கள். கணக்கில் ஒன்றை மூன்றால் வகுத்தால் புள்ளிக்குப் பின் மூன்று மூன்றாக வந்துகொண்டே இருக்கிறதே, அது ‘ரிப்பீட்டிங் டெசிமல்’.

“ஹிஸ்டரி ரிப்பீட்ஸ் இட்செல்ஃப்” என்ற வாக்கியத்தில் வரலாறு தன்னையே திருப்பி நடத்துகிறது. ‘எதை’ என்ற இடத்தை ‘இட்செல்ஃப்’ நிரப்பிவிடுகிறது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் மொட்டையாக நிற்கும்.

மன்னிப்புக் கடிதத்தில் “இட் வில் நாட் ரிப்பீட் எகெய்ன்” என்று எழுதலாமா?

இதில் இரண்டு பிழைகளும் சேர்ந்து வந்துவிட்டன. தேவையில்லாத ‘எகெய்ன்’ ஒன்று. ‘இட்’ தானாக எதையும் திருப்பிச் செய்யாது என்பது இன்னொன்று. “இட் வோன்ட் ஹேப்பன் எகெய்ன்” என்று எழுதுங்கள். இன்னும் பணிவாக வேண்டுமானால் “ஐ வில் நாட் ரிப்பீட் திஸ் மிஸ்டேக்.” எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தவறு நடக்காது என்பதைவிட நான் செய்ய மாட்டேன் என்று சொல்வதில்தான் பொறுப்பு தெரிகிறது. “திஸ் வில் நாட் பி ரிப்பீட்டட்” என்பதும் இலக்கணப்படி சரிதான்.

‘ரிப்பீட் தி சேம் மிஸ்டேக்’ என்பதில் ‘சேம்’ கூடுதலா என்று கேட்கிறார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் கூடுதல்தான். ஆனால் நன்றாக எழுதுகிறவர்களே அழுத்தத்துக்காகச் சேர்க்கிறார்கள், விட்டுவிடலாம்.

சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு?

‘ரிப்பீட் மைசெல்ஃப்’. இந்தப் பயன்பாடு நம்மவர்களிடம் குறைவு, அழகானது, கட்டாயம் பழக வேண்டியது. “ஸாரி டு ரிப்பீட் மைசெல்ஃப்” என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே சொன்னதுதான், மன்னியுங்கள் என்று நயமாக வரும். வயதானவர்களைப் பற்றி “ஹி ரிப்பீட்ஸ் ஹிம்செல்ஃப் எ லாட்” என்பார்கள்.

பிள்ளைகளைக் கோபிக்கும்போது “ஹௌ மெனி டைம்ஸ் ஐ ஹாவ் டு ரிப்பீட்?” என்று வருகிறது. கேள்வி என்பதால் ‘டூ’ முன்னால் வர வேண்டும்: “ஹௌ மெனி டைம்ஸ் டூ ஐ ஹாவ் டு ரிப்பீட் மைசெல்ஃப்?”

இதன் பெயர்ச்சொல் என்ன? ‘ரிப்பீட்டேஷன்’ என்று எழுதினால் கணினி சிவப்புக் கோடு போடுகிறது.

அப்படி ஒரு சொல் இல்லை. சரியான சொல் ‘ரெப்பிட்டிஷன்’. வினைச்சொல்லில் இருக்கும் ‘ஏ’ எழுத்து பெயர்ச்சொல்லில் கிடையாது என்பதை நினைவில் வைத்தால் எழுத்துக்கூட்டல் வந்துவிடும். இதை ‘ரெப்யுடேஷன்’ என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நற்பெயர். ஒரு பெண் தன் விண்ணப்பத்தில் கடைக்கு நல்ல ‘ரெப்பிட்டிஷன்’ இருக்கிறது என்று எழுதியிருந்தாள். படிக்கிறவருக்கு அங்கே ஒன்றும் புரியாது.

‘ரிப்பீட்டட்’, ‘ரிப்பெட்டிட்டிவ்’ இரண்டும் ஒன்றல்ல. ‘ரிப்பீட்டட் வார்னிங்ஸ்’ என்றால் பலமுறை வந்த எச்சரிக்கைகள். ‘ரிப்பெட்டிட்டிவ் வர்க்’ என்றால் ஒரே மாதிரியாகச் செய்து சலிப்புத் தட்டும் வேலை. நேர்காணலில் பழைய வேலையை ‘ரிப்பெட்டிட்டிவ்’ என்று சொன்னால் குறை சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ரிப்பீட்டு’ என்று கடைசியில் உகரம் போடாமல் ‘ட்’டோடு நிறுத்துங்கள். அழுத்தம் ‘பீட்’டில் விழ வேண்டும். கடந்த காலம் ‘ரிப்பீட்டட்’, மூன்று அசை, கடைசி அசையை விழுங்கக் கூடாது.

‘ரிப்பீட்டர்’, ‘அரியர்’ எல்லாம் வெளிநாட்டில் புரியுமா?

புரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீட் தேர்வை மறுபடி எழுதும் பிள்ளைகளை இங்கே ‘ரிப்பீட்டர் பேட்ச்’ என்கிறோம். வெளியூரில் ‘ரிப்பீட்டர்’ என்றால் சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் கருவி என்று நினைப்பார்கள். “ஐ ஆம் ரீடேக்கிங் நீட்” என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் ‘ரீசிட்’ என்பார்கள். அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிப்பதற்கு “ஷி இஸ் ரிப்பீட்டிங் தி இயர்” எல்லா இடத்திலும் சரி. ‘அரியர்’ நம் கல்லூரிப் பேச்சில் ஊறிப்போன சொல். வெளிநாட்டில் ‘அரியர்ஸ்’ என்றால் கட்டாமல் நிற்கும் பாக்கிப் பணம். “ஐ ஹாவ் டூ சப்ஜெக்ட்ஸ் டு ரீடேக்” என்றால் குழப்பமில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேராகச் சொல்லலாம்.

‘ரீஇட்டரேட்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அது சொல்லும் கருத்துக்கு மட்டும் வரும். ஒரு கருத்தை வலியுறுத்தி மறுபடி சொல்வது. செயலுக்கு வராது, டெஸ்ட்டை ‘ரீஇட்டரேட்’ செய்ய முடியாது. செய்தித்தாளிலும் கூட்ட அறிக்கையிலும் பார்ப்பீர்கள். பேச்சில் ‘ரிப்பீட்’ போதும்.

ஹோட்டலில் சாம்பார் வேண்டும் என்றால் ‘ரிப்பீட்’ சொல்லலாமா?

சேலத்தில் சொல்லுங்கள், உடனே வரும். வேறு நாட்டில் “குட் ஐ ஹாவ் சம் மோர் சாம்பார்?” என்று கேளுங்கள். குடித்த பானமே மறுபடி வேண்டுமென்றால் “தி சேம் எகெய்ன், ப்ளீஸ்.” நீங்கள் பரிமாறுகிற பக்கம் நின்றால், விருந்தாளியிடம் “ரிப்பீட், சார்?” என்று கேட்காதீர்கள். “வுட் யூ லைக் அனதர் காஃபி?” என்று கேளுங்கள். சேர்வராயன் மலையில் விளைந்த காப்பியைக் கொடுக்கும்போது வாக்கியமும் முழுதாக இருக்கட்டும்.

கடைக்காரர்களுக்கு ‘ரிப்பீட் ஆர்டர்’, ‘ரிப்பீட் கஸ்டமர்’ இரண்டும் நல்ல ஆங்கிலமே. முன்பு வாங்கியதையே மறுபடி கேட்பது முதலாவது, மறுபடி நம்மிடமே வருகிறவர் இரண்டாமவர்.

ஏற்காட்டில் ஓர் ஆங்கிலேய விருந்தாளி “கார்லிக் ரிப்பீட்ஸ் ஆன் மீ” என்றார். பூண்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறாரா?

நேர் எதிர். பூண்டு சாப்பிட்டால் அவருக்கு ஏப்பத்தோடு அந்த ருசி மறுபடி மறுபடி மேலே வருகிறது. இங்கிலாந்தில் சாதாரணமாகச் சொல்லும் வழக்கு இது. வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும்கூடச் சொல்வார்கள். இங்கே ஆளுக்குப் பதில் உணவுதான் அந்த வேலையைச் செய்கிறது, கூடவே ‘ஆன்’ வருகிறது. “ஷல் ஐ ஆஸ்க் தி கிச்சன் டு லீவ் இட் அவுட்?” என்று கேட்டுவிட்டு, சமையல்காரரிடம் பூண்டில்லாமல் செய்யச் சொல்லுங்கள்.